ஒரே பெயர், மூன்று என்ஜின்: எந்த புல்லட் 350-ஐ எடுப்பது?

கேள்வி இதுதான். உறவினர் ஒருவர் வைத்திருந்த 1980-களின் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 கைக்கு வருகிறது. அதே சமயம் 2012 வாக்கில் வந்த ஒரு புல்லட் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. புதிதாகவே வாங்கிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. மூன்றுக்கும் பெயர் ஒன்று, தூரத்திலிருந்து பார்த்தால் உருவமும் ஒன்று. அப்படியென்றால் உண்மையில் என்னதான் மாறியிருக்கிறது, எதை எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வர ஒரே வண்டி இதுதான் என்றால் புதியது. ஏற்கெனவே வேறொரு வண்டி இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கவும் கற்றுக்கொள்ளவும் ஆசை இருக்கிறது என்றால், உறவினருடைய பழைய வண்டியை விடவே விடாதீர்கள். 2012 வண்டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல நிலையில் கிடைத்தால் மூன்றிலும் சிக்கனமான தேர்வு அதுதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

இனி காரணங்கள்.

புல்லட் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது பவரைத்தான். பழைய இரும்பு என்ஜின் புல்லட் 350-க்குத் தயாரிப்பாளர் சொன்ன கணக்கு 18 குதிரைத்திறன். 2010 வாக்கில் வந்த என்ஜினுக்கு 19.8. இப்போது விற்கும் ஜே வரிசை என்ஜினுக்கு 20.2. இத்தனை வருடத்தில் கூடியது இரண்டே இரண்டு குதிரைத்திறன்! ஆகவே பவரை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. மாறியது வேறு. வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்கும் வேலையில் எவ்வளவு உங்கள் தலையில், எவ்வளவு என்ஜின் தலையில் என்ற பங்கீடுதான் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டே வந்தது. எதை எடுப்பது என்பதை முடிவு செய்யப்போவதும் அதுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்துவிட்டது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்து 1949-ல் வந்த 350 சிசி வண்டியின் வாரிசு. எல்லைப் பகுதி ரோந்துக்கு நம் ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலையில் வேலை ஆரம்பித்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன, பிறகு படிப்படியாக எல்லாமே இங்கேயே தயாராகின. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போன பிறகும், அடிப்படையில் அதே என்ஜின்தான் பதினைந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்தது. உங்களிடம் வரப்போகும் 1980-களின் வண்டியைப் பிரித்துப் பார்த்தால், 1950-களில் இங்கிலாந்தில் வரைந்த வரைபடம்தான் உள்ளே இருக்கும்.

அந்த என்ஜினை 'இரும்பு என்ஜின்' அல்லது 'சி.ஐ.' (காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு) என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சிலிண்டரின் உள் குறுக்களவான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. பிஸ்டனின் அகலத்தைவிட அது ஏறி இறங்கும் தூரம் மிக அதிகம். கூடவே ஃபிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த நிதானமான சத்தத்தைத் தருகின்றன. குறைந்த வேகத்தில் டாப் கியரில் போட்டுவிட்டு மெதுவாகத் திருகினால், திணறாமல் இழுத்துக்கொண்டு போகும் குணமும் அங்கிருந்துதான் வருகிறது. சைலன்சரை மாற்றி அந்தச் சத்தத்தை உண்டாக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இரைச்சல் மட்டும்தான் கிடைக்கும்.

இந்த என்ஜினோடு கியர்பாக்ஸ் ஒட்டிப் பிறக்கவில்லை. அது தனியாகப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இடப்பக்க மூடிக்குள் ஓடும் பிரைமரி செயின் இணைக்கிறது. அதனால் எண்ணெயும் மூன்று இடத்தில் தனித்தனி. என்ஜினுக்கு ஒன்று, பிரைமரி செயினும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், தனித்தனியாக மாற்ற வேண்டும். பிரைமரி செயின் தொய்ந்தால் மூடியைக் கழற்றி டென்ஷனரைச் சரிசெய்ய வேண்டும். அந்த மூடியைச் சரியாகப் பூட்டாவிட்டால் வண்டி நிற்கும் இடமெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. 'புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்' என்று சொல்லிவிட்டுப் போகும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். மூடிகளின் முகப்பு நேராக இருந்து, ரப்பரும் கேஸ்கட்டும் நல்லதாக இருந்தால் இரும்பு என்ஜினும் ஒழுகாமல் நிற்கும்.

என்ஜின் எண்ணெய் விஷயத்தில் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்ட ஒரு அறையில் எண்ணெய் இருக்கும். பம்ப் அதை எடுத்து அனுப்பும், இன்னொரு பம்ப் திருப்பிக் கொண்டுவரும். வண்டி பல நாள் சும்மா நின்றால் அந்த அறையிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது அளவுக்குச்சியில் எண்ணெய் குறைவாகத் தெரியும். உடனே ஊற்றிவிடாதீர்கள். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகு பாருங்கள். நீண்ட நாள் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரிலிருந்து கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிஸ்டன் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் பாயின்ட். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை ஒரு சின்ன கான்டாக்ட் பாயின்ட் திறந்து மூடித் தீர்மானிக்கிறது. இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேய்மானத்தில் அது தானாக மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அவ்வப்போது பார்க்க வேண்டும். டேப்பட் சரிசெய்வது, அதாவது வால்வுகளை இயக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது, இன்னும் எளிது. என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது வலப்பக்கச் சின்ன மூடியைத் திறந்து, வால்வுகளைத் தள்ளும் கம்பிகளான இரண்டு புஷ் ராடும் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற அளவில் வைத்தால் போதும். ஃபீலர் கேஜ்கூடத் தேவையில்லை. ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் உதவும். வீட்டு வாசலில் உட்கார்ந்து இவ்வளவையும் தானே செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்த என்ஜினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கிக் அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் இறுகும், முள்ளும் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிதளவு இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை ஒன்று. அரைகுறையாக உதைத்தால் ஃபிளைவீலுக்கு வேகம் போதாது. பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே தீப்பொறி விழுந்து அதைப் பின்னுக்குத் தள்ளும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். சரியாக உதைத்தும் அடிக்கிறது என்றால் டைமிங் முந்தியிருக்கிறது, இல்லையென்றால் தீப்பொறியை முன்பின் நகர்த்தும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் தொடர்ந்து உதைக்காதீர்கள். வெறும் செருப்புக் காலோடு உதைப்பதும் வேண்டாம்.

இதையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. 1980-களின் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். நிதானமாகப் போகும்போது இது ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் திடீரென ஒரு நாய் குறுக்கே வந்தால் மூளை யோசிப்பதில்லை, கால் பழக்கத்தில் வேலை செய்கிறது. வேறு வண்டிகளில் வருடக்கணக்காகப் பழகிய வலது கால் கியர் லீவரை மிதிக்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வகை வண்டியையும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. கூட்டமில்லாத சாலையில், பிரேக் பிடிப்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகிய பிறகே நகர நெரிசலுக்குள் கொண்டுபோங்கள். முன்பக்க டிரம் பிரேக் இன்றைய டிஸ்க்கைப் போலப் பிடிக்காது என்பதையும் சேர்த்து, முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

இந்தக் கியர்பாக்ஸில் ஓர் அருமையான வசதி உண்டு. குதிகாலால் அழுத்தும் ஒரு சின்ன லீவர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எதில் இருந்தாலும் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். பின்னால் வந்த என்ஜின்களில் அது இல்லாதது எனக்கு இன்றும் குறைதான்.

இரும்பு என்ஜினுக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவில், ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அலுமினிய சிலிண்டர் என்ஜின் ஒன்று வந்தது. அதே கம்பெனியின் மாச்சிஸ்மோ மாடலிலும் 2002-ல் வந்த முதல் தண்டர்பேர்டு மாடலிலும் அதுதான். எண்ணெய் பம்பும் கிராங்க்கும் முன்னைவிட உறுதி. சத்தம் அடங்கியிருந்ததால் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே காலத்தில் எலக்ட்ரா போன்ற இரும்பு என்ஜின் வண்டிகளிலும் பாயின்ட்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன், இடப்பக்கக் கியர், ஐந்து கியர் எல்லாம் வர ஆரம்பித்தன. உங்கள் பட்டியலில் இவை இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

2012 வண்டிக்கு வருவோம். அதில் இருப்பது யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) என்ஜின். புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியதால் 2010 வாக்கில் இரும்பு என்ஜினுக்கு விடைகொடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வந்தது இது. என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கூட்டுக்குள். மூன்று எண்ணெய் ஒரே எண்ணெய் ஆனது, அளவைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். பாயின்ட் போய்விட்டது, ஹெட்டில் இரண்டு ஸ்பார்க் பிளக். டேப்பட் ஹைட்ராலிக், எண்ணெய் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். கியர் இடது காலுக்கு வந்தது, பிரேக் வலது காலுக்குப் போனது. சில மாடல்களில் செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு, கிக்கர் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் போரும் ஸ்ட்ரோக்கும் அதே 70, 90. புஷ் ராடும் அப்படியே. அதனால்தான் பழைய வண்டி ஓட்டியவர்களுக்கும் இதன் ஓட்டம் அந்நியமாகத் தெரிவதில்லை. புல்லட்டின் நீண்ட வாழ்க்கையில் மிகப்பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இந்த என்ஜினைத்தான் சொல்வேன். 2023-ல் வந்ததைவிட இதுவே பெரிய தாவல். வாரம் ஒருமுறை கவனித்தே ஆக வேண்டிய வண்டியை, சர்வீஸ் தேதிக்கு மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது இதுதான்.

குறைகளும் உண்டு. நாற்பது, அறுபது வரை இதமாகப் போகும். எண்பதைத் தாண்டினால் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு ஏறும், நீண்ட பயணத்தில் விரல் மரத்துப்போகும். போல்ட், நட்டுகளை அவ்வப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும். இன்னொரு குறை ஸ்பிராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் ஒருவழிப் பாகம் அது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃபையே அழுத்திக்கொண்டிருந்தால் என்ஜின் திருப்பி உதைத்து அது தேயும். ஸ்டார்ட் செய்யும்போது 'கர்' என்று இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் அதில்தான் சந்தேகப்பட வேண்டும். மாற்றுவது சின்னச் செலவில்லை. பேட்டரி மங்கலாக இருக்கிற காலையில் கிக்கரைப் பயன்படுத்தினாலே பெரும்பாலும் இது வராது.

இப்போது விற்கும் புல்லட்டில் இருப்பது ஜே வரிசை என்ஜின். 2020-ல் இதே கம்பெனியின் மீட்டியர் வண்டியில் வந்தது, 2021-ல் கிளாசிக் வண்டிக்கும் 2023 செப்டம்பரில் புல்லட்டுக்கும் வந்தது. இங்கேதான் அந்தப் பழைய 70, 90 கணக்கு முடிவுக்கு வந்தது. போர் 72, ஸ்ட்ரோக் 85.8, மொத்தம் 349 சிசி. புஷ் ராடு இல்லை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டுக்கே போய்விட்டது. உள்ளே ஒரு பேலன்ஸர் ஷாஃப்ட் எதிர்த் திசையில் சுழன்று அதிர்வைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. இழுவிசை முந்தைய என்ஜினுக்கு 28 நியூட்டன் மீட்டர், இதற்கு 27, இரண்டும் 4000 சுழற்சியில். அதாவது குணத்தை விட்டுக்கொடுக்காமல் நடுக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். எண்பதில் நாள் முழுக்கப் போகலாம் என்பது இந்த என்ஜினில்தான் சாத்தியமாயிற்று. முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க், ஏ.பி.எஸ்., இரட்டைக் குழாய் கொண்ட உறுதியான சேஸிஸ். வளைவில் சாய்க்கும்போது பழைய வண்டிகளில் பின்பக்கம் கொஞ்சம் நெளியும், இதில் அது இல்லை.

ஒரு வேடிக்கை: ஹைட்ராலிக் டேப்பட் நடுத் தலைமுறையோடு போய்விட்டது. ஜே என்ஜினில் வால்வு இடைவெளியை மறுபடி சர்வீஸில் சரிபார்க்க வேண்டும். கிக்கரும் கிடையாது, பேட்டரி செத்தால் வண்டியும் நிற்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் கோளாறு வந்தால் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும், சாலையோர மெக்கானிக் ஓரளவுக்கு மேல் கை வைக்க மாட்டார். எடை 195 கிலோ. பழைய வண்டி 170 கிலோவுக்குள்தான். நெருக்கமான இடத்தில் தள்ளிப் பின்னெடுக்கும்போது இந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். வாங்கும் முன் தள்ளியும் பாருங்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை மூன்றுக்குமே வேண்டாம். இரும்பு என்ஜினுக்கு பிஸ்டன் முதல் கிளட்ச் பிளேட் வரை இன்றும் கிடைக்கிறது. ஆனால் தரம் ஒரே மாதிரி இருக்காது. பாயின்ட், கண்டென்சர், பிரைமரி செயின், டேப்பட் இவற்றில் மலிவானதை வாங்கிப் போடாதீர்கள், அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். பழைய என்ஜினை உண்மையாகவே தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் பெரிய பிரச்சினை. வண்டியை எடுக்கும் முன் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1980-களின் ரப்பர் குழாய், பெட்ரோல் டேப் வாஷர், கார்புரேட்டர் சீல் எல்லாம் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை கிடையாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியின் இரும்பு டேங்க்கில் உள்துரு பிடிக்கும். குழாய்களையும் சீல்களையும் புதியதாக மாற்றிவிடுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். 2012 வண்டிக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். 2023-ல் வந்த புல்லட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காகிதங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பசுமை வரியும் உண்டு. உறவினர் வண்டி என்றாலும் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய புல்லட்டுகளில் என்ஜின் மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு. மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றும்போது சிக்கல்.

பழைய வண்டியை நேரில் பார்க்கும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த வண்டியில் ஸ்டார்ட்டிங் பிரச்சினை தெரியாது. ஸ்டார்ட் ஆனதும் மேலே டேப்பட் சத்தம் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கீழே கிராங்க் பக்கமிருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங், தேய்ந்திருக்கிறது. முழு என்ஜினையும் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். புகை நீலமாக, நிற்காமல் வந்தால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் அடித்து) பிஸ்டன் மாற்ற வேண்டும். அது இந்த என்ஜினுக்குப் பெரிய விஷயம் இல்லை. கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடும்போது வண்டி முன்னால் குதிக்கிறதா, டாப் கியரில் மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். எண்ணெய் கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் பம்ப்பையோ குழாயையோ பார்க்காமல் அந்த என்ஜினை மேற்கொண்டு ஓடவிட வேண்டாம்; வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.